அப்பாவுக்குச் சொன்ன ‘லாங் வெகேஷன்’

2019 ஜனவரி கடைசியில் என்2 முடிவு வந்தது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் இரண்டாம் நிலை அது. முந்தைய டிசம்பரில் இரண்டாவது முறையாக எழுதியிருந்தேன். மொத்தம் 180 மதிப்பெண், 90 எடுத்தால் போதும். நான் 97 எடுத்திருந்தேன், ஆனாலும் தேறவில்லை. மொத்தத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். மூன்று பகுதிகளிலும் தனித்தனியே 60-க்கு 19 வாங்கியாக வேண்டும். கேட்டல் பகுதியில் எனக்கு 17.

அந்த இரண்டு மதிப்பெண்ணில் வேலையும் போனது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். மார்ச்சுக்குள் சான்றிதழ் வராவிட்டால் ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தார்கள். அதே மாதம், பேசி வைத்திருந்த சம்பந்தம் ஒன்றும் கைவிட்டுப் போனது. காரணத்தை அவர்கள் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு அப்போது 29 வயது.

ஆறுதல் நிறைய வந்தது. பெரியம்மா வந்தார், சித்தப்பா போன் பண்ணினார், கூடப் படித்தவர்கள் செய்தி அனுப்பினார்கள். எல்லோரும் உண்மையான அன்போடுதான் பேசினார்கள். ஆனால் கரையேறி நின்றவர்கள் தண்ணீருக்குள் இருப்பவளைப் பார்த்துச் சொல்வது போலவே எல்லாம் என் காதில் விழுந்தது. ‘நானும் அந்தக் காலத்துல இப்படித்தான்’ என்று ஆரம்பிக்கும் எந்தப் பேச்சையும் என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை.

என் ஜப்பானிய ஆசிரியை மட்டும் வேறு மாதிரி பேசினார். ‘நீ வார்த்தையைப் பிடிக்கிறதிலேயே குறியா இருக்கே, பேசுற ஆளை விட்டுடறே’ என்றார். கையில் ஒரு பழைய டி.வி.டி. பெட்டியைக் கொடுத்தார். ‘பாடமா நினைச்சுப் பார்க்காதே. வெறுமனே பாரு.’

1996-இல் வந்த ‘லாங் வெகேஷன்’ தொடர் அது. ஜப்பானில் செல்லமாக ‘ரோன்பகே’ என்பார்கள்.

பகல் முழுவதும் வீட்டில் இருந்தது நான் மட்டும் அல்ல. அப்பாவும் இருந்தார். அம்பத்தூரில் 22 வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவர். ஜாப் ஒர்க் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்று, 2017-இல் இரண்டு மெஷினையும் விற்றுவிட்டுப் பட்டறையை மூடினார். அதற்கப்புறம் வீட்டில் அவர் கை சும்மா இருந்ததே இல்லை. காபி குடித்து முடித்த டம்ளரின் விளிம்பைக் கட்டை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டே இருப்பார். கடைந்த உருப்படியில் பிசிர் இருக்கிறதா என்று பார்த்துப் பழகிய விரல். அம்மா வேலைக்குப் போனபின் நாங்கள் இருவரும் ஒரே கூடத்தில், ஆளுக்கு ஒரு மூலையில், அதிகம் பேசாமல் இருந்தோம்.

நான் முதல் வட்டைப் போட்டபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கல்யாணக் கிமோனோவில், தலையில் மணப்பெண் கூந்தல் அலங்காரத்தோடு, ஒரு பெண் டோக்கியோ தெருவில் மூச்சிரைக்க ஓடுகிறாள். அப்பா பேப்பரை இறக்கினார்.

‘ஏம்மா இந்தப் பொண்ணு இப்படி ஓடுது?’

‘கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வரலைப்பா. அவன் வீட்டுக்கு ஓடுறா.’

அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

அந்தப் பெண் ஹயாமா மினாமி. வாய்ப்புகள் குறைந்துகொண்டே வரும் ஒரு மாடல், 30 தாண்டியவள். கதவைத் திறப்பவன் மாப்பிள்ளை அல்ல, அவனோடு அறையைப் பகிர்ந்து தங்கியிருந்த செனா ஹிதெதோஷி. மாப்பிள்ளை கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான். சில நாளில் மினாமி பெட்டி படுக்கையோடு அதே வீட்டுக்குக் குடிவருகிறாள். செனா அவளைவிடச் சின்னவன். இசைக் கல்லூரியில் பியானோ படித்தவன், மேற்படிப்புக்கான தேர்வில் தோற்றவன், சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன். மினாமியாக யமகுச்சி தொமோகோ, செனாவாகக் கிமுரா தகுயா. மொத்தம் 11 பகுதிகள். அதிலேயே கதை முடிந்துவிடும். ஒரு பருவத்துக்கு ஒரு கதை, மூன்று மாதத்தில் முடித்துக்கொள்வது ஜப்பானியத் தொலைக்காட்சியின் வழக்கம். எழுதும்போதே முடிவு தெரிந்த கதைக்கு ஒரு கட்டுக்கோப்பு வந்துவிடுகிறது.

‘என்ன சொல்றான்?’

இந்தக் கேள்வியை அப்பா அந்த 11 பகுதிகளில் எத்தனை முறை கேட்டிருப்பார் என்று கணக்கு இல்லை. டி.வி.டி.யில் ஆங்கில வசன வரிகள் இருந்தன. அவை ஓடும் வேகத்துக்கு அவரால் படிக்க முடியாது. ஆசிரியை சொன்னபடி நானும் வரிகளை அணைத்து வைத்திருந்தேன். அதனால் நான்தான் சொல்ல வேண்டும். முதல் பகுதியில் ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ‘நிறுத்தாம சொல்லேன், கதை விட்டுப்போகுது’ என்றார். சரி என்று ஓட ஓடவே சொல்ல ஆரம்பித்தேன்.

அது சுலபமாக இல்லை. தேர்வு ஒலிநாடாவில் பேசுபவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் திருத்தமாக உச்சரிப்பார்கள். கிமுரா அப்படிப் பேசுபவர் இல்லை. வீட்டில் பேசுவது போல வாக்கியத்தின் வாலை விழுங்கிவிடுவார், வாய்க்குள்ளேயே முனகுவார், பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவார். யமகுச்சியோ மூச்சு விடாமல் கொட்டுவார். வார்த்தைகளைத் துரத்திக்கொண்டிருந்தால் ஆள் தப்பிவிடும் என்று ஆசிரியை சொன்னது அப்போதுதான் புரிந்தது. பாதி வார்த்தை பிடிபடாத இடத்தில்கூட, அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு திரும்பும் விதத்தைப் பார்த்து, ‘வேண்டாம்னு சொல்றான்ப்பா, ஆனா வேணும்’ என்று சொல்ல ஆரம்பித்தேன்.

மரியாதை இன்னொரு சிக்கல். ஜப்பானிய மொழியில் பணிவை வினைமுற்று சுமக்கும். மூத்தவள், புதியவள் என்பதால் தொடக்கத்தில் செனா மினாமியிடம் பணிவாகப் பேசுகிறான். அந்த முற்றுகள் எந்த இடத்தில் எப்படித் தேய்ந்தன என்று சொல்ல முடியாதபடி மெல்ல உதிர்கின்றன. ஒரே பேச்சில் ஒரு வாக்கியம் பணிவாகவும் அடுத்தது உரிமையாகவும் வரும். நான் முதலில் எல்லாவற்றையும் ‘நீங்க’ என்றே சொல்லிவந்தேன். நான்காவதோ ஐந்தாவதோ பகுதியில் என் வாயில் தானாக ‘நீ’ வந்துவிட்டது. அப்பா உடனே திரும்பிப் பார்த்தார். ‘இப்ப மரியாதை போயிடுச்சே?’ என்றார். ஆமாம், போயிருந்தது. காதல் எங்கே ஆரம்பித்தது என்று என்னைக் கேட்டால் அந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

செனாவின் பியானோவைப் பற்றி அப்பா சொன்ன ஒன்றையும் எழுத வேண்டும். செனா தப்பில்லாமல் வாசிக்கிறான், ஆனால் அவன் வாசிப்பு யாரையும் போய்த் தொடவில்லை என்பதுதான் அவனுடைய பேராசிரியரின் குறை. கதையின் முடிச்சே அதுதான். அந்தக் காட்சி வருவதற்கு முன்பே, இசை ஞானம் என்று எதுவும் இல்லாத அப்பா சொன்னார்: ‘நல்லாத்தான் ஓட்டுறான். ஆனா லோடு இல்லாம மெஷின் ஓடுற மாதிரி இருக்கு.’ 22 வருடம் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கியதைக் கண்டுபிடித்தவர். லேத்தில் வேலை பிடித்திருக்கும்போது வரும் சத்தமும் சும்மா சுற்றும்போது வரும் சத்தமும் வேறு என்று எனக்குச் சின்ன வயதிலேயே காட்டிக்கொடுத்திருக்கிறார். பேராசிரியரின் வசனம் வந்தபோது அதை நான் தமிழில் சொன்னேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது ஒரு பந்து விளையாட்டை. கையடக்க ரப்பர் பந்து. ஜப்பானில் சூப்பர் பால் என்பார்கள், நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கண்ணாடிச் சீசாவில் கிடக்குமே, அதேதான். செனா அதை மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து தெருவில் விடுவான். தரையில் பட்டு, அத்தனை உயரமும் திரும்பி எழும்பி வரும் பந்தை ஜன்னலிலிருந்தபடியே பிடிப்பான். மினாமி கண்ணை அகல விரித்துப் பார்ப்பாள். காட்சியில் நடப்பது அவ்வளவுதான். வேலை இல்லாத இருவருக்கு ஒரு பகல் பொழுதில் செய்வதற்கு இருப்பது இதுதான், அதை அவர்கள் முழு மனதோடு செய்கிறார்கள். அது எனக்கு ஏன் அத்தனை பிடித்தது என்று பல நாள் யோசித்தேன். தோற்றிருக்கும்போது நாம் முதலில் விடுவது விளையாட்டைத்தான். சிரித்தால்கூடத் தப்பு செய்தது போல இருக்கும். தேர்வு முடிவு வந்ததிலிருந்து நான் மொட்டை மாடிக்குக்கூடப் போகவில்லை.

அப்புறம் அந்த வசனம். தொடரின் பெயருக்குக் காரணமான இடம். என்ன செய்தாலும் சரியாக வராத காலம் என்று ஒன்று உண்டு. அதைக் கடவுள் கொடுத்த நீண்ட விடுமுறையாக நினைத்துக்கொள்ளலாம். வலிந்து ஓட வேண்டாம், பதற வேண்டாம் என்று செனா மினாமிக்குச் சொல்கிறான். அதோடு ‘கன்பராநாய்’ என்ற சொல்லும் வருகிறது. இதை மொழிபெயர்க்கும்போது தடுமாறினேன். முயற்சி செய்யாமல் இருப்பது, வருத்திக்கொள்ளாமல் இருப்பது, முட்டி மோதாமல் இருப்பது என்று எதைச் சொன்னாலும் கொஞ்சம் குறைகிறது. ஏனென்றால் இதன் எதிர்ச்சொல்தான் ஜப்பானியர்கள் நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளும் ‘கன்பத்தே’. தேர்வுக்குப் போகிறவரிடம், ஓட்டப் பந்தயத்தில் இருப்பவரிடம், நோயாளியைப் பார்க்கப் போனால்கூட அதுதான். விடாதே, தம் கட்டு என்று பொருள்.

தொடர் வந்த காலத்தைச் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் கனம் தெரியும். 1989 டிசம்பரில் உச்சத்தில் இருந்த ஜப்பானியப் பங்குச் சந்தை அதன்பின் சரிந்து, நிலத்தின் விலையும் விழுந்து, படித்து முடித்த இளைஞர்களுக்கு வேலை கிடைக்காத வருடங்கள் வந்திருந்தன. வேலைவாய்ப்பின் பனிக்காலம் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். 1995 ஜனவரி 17 அன்று கோபே பகுதி நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சு வாயுத் தாக்குதல். அந்த வருடம் கோபேயைச் சேர்ந்த பேஸ்பால் அணி ‘கன்பரோ கோபே’, அதாவது ‘தம் கட்டுவோம், கோபே’ என்ற வாசகத்தைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு ஆடி லீக் பட்டத்தை வென்றது. நாடே ‘கன்பரோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த வருடம், 1996 ஏப்ரலில், திங்கள் இரவு 9 மணிக்கு, தொலைக்காட்சியில் ஒரு பையன் ‘கன்பராநாய்’ என்கிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 24 வரை ஃபுஜி டி.வி.யில் ஒளிபரப்பான தொடரின் சராசரிப் பார்வை வீதம் 29.6%, கடைசிப் பகுதிக்கு 36.7%. திங்கள் இரவில் அலுவலகப் பெண்கள் தெருவில் தென்படாமல் போனார்கள் என்றும், ஆண்கள் பியானோ வகுப்பில் சேர்ந்தார்கள் என்றும் இன்றும் சொல்வார்கள். அழகான நடிகர்களும், நவோமி கேம்பல் சேர்ந்து குரல் கொடுத்த குபோதா தொஷிநோபுவின் பாட்டும் காரணம்தான். ஆனால் அவற்றால் மட்டும் ஒரு நாடு இப்படி உட்கார்ந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கள் கூடத்தில் அந்தக் காட்சி ஓடியபோது, நான் மேலே எழுதியது எதையும் அப்பாவிடம் சொல்லவில்லை. வசனத்தை மட்டும், என்னால் முடிந்த தமிழில், மெதுவாகச் சொன்னேன். அப்பா டம்ளரைத் தடவுவதை நிறுத்தியிருந்தார்.

‘அப்படி இருந்தா?’

‘அப்படி இருந்தா நாளடைவுல சரியாயிடும்ங்கிறான்.’

‘நிஜமாவா?’

மினாமியும் அப்போது அதையேதான் கேட்டாள். செனா சொல்லும் பதில் ஒரே சொல், ‘தபுன்’.

‘அநேகமான்னு சொல்றான்ப்பா.’

அப்பா அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அந்த ‘அநேகமாக’ உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. மூன்று மாதமாக யார் யாரோ சொன்னது காதில் ஏறாமல், இது மட்டும் ஏன் ஏறியது என்றால், செனா கரையில் நின்று சொல்லவில்லை. அவனும் தோற்றுக் கிடக்கிறான். போட்டியில் ஜெயித்ததும் இல்லை, விரும்பும் பெண்ணிடம் மனதைச் சொன்னதும் இல்லை. தனக்கே இன்னும் உதவாத ஒன்றைத்தான் அவளுக்கு எடுத்துக் கொடுக்கிறான், சரியாக வரும் என்று உறுதி சொல்லவும் மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா இந்த மாதங்களில் எனக்கு ஒரு ஆறுதலும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நானும் பட்டறையைப் பற்றி இரண்டு வருடமாக அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அன்று இரவு கேட்டேன். மெஷினை ஏற்றிக்கொண்டு போன நாளில் என்ன செய்தீர்கள் என்று. ‘தரையைக் கூட்டினேன்’ என்றார். ‘இரும்புச் சுருள் எல்லாம் மூலையில ஒட்டியிருந்தது, அள்ளி சாக்குல கட்டினேன். மூணு மணி நேரம் ஆச்சு.’

செனா ஒருதலையாக விரும்பும் ரியோகோ, இசைக் கல்லூரியில் அவனுக்கு இளையவள். மட்சு தகாகோ நடித்த பாத்திரம். அவள் மனம் போவதோ மினாமியின் தம்பி ஷின்ஜியிடம். இந்தப் பக்கக் கதை எனக்கு அத்தனை ஒட்டவில்லை. தகெனொஉச்சி யுதகாவின் ஷின்ஜி, பார்க்க நன்றாக இருக்கிறான் என்பதற்கு மேல் அதிகம் இல்லாதவன். அதிலிருந்து கிடைக்கும் ஒரே நன்மை, செனா ஏமாந்து வரும் இரவுகளில் மினாமி விழித்திருக்கிறாள். அவளுக்கு இசை தெரியாது. ஆனால் அவன் வாசித்தால் உட்கார்ந்து கேட்பாள், வாசிக்கச் சொல்லிக் கேட்பாள், நன்றாக இருந்தால் வெளிப்படையாகச் சந்தோஷப்படுவாள். பேராசிரியர் இத்தனை வருடத்தில் கொண்டுவர முடியாததை, உட்கார்ந்து கேட்கும் ஒரு ஆள் கொண்டுவந்துவிடுகிறாள். பின்பாதியில் ஒரு வாசிப்பின்போது அப்பா, ‘இப்பதான் கடிக்குது’ என்றார். டூல் இரும்பைக் கடிக்கிறது என்பது பட்டறைப் பேச்சு.

எழுதியவர் கிதகாவா எரிகோ. இதற்கு முந்தைய வருடம் காது கேளாத ஓவியனின் காதலை எழுதியவர், 2000-இல் சக்கர நாற்காலியில் வாழும் நூலகரின் காதலை ‘பியூட்டிஃபுல் லைஃப்’ என்று எழுதியவர். 2012-இல் அவருக்கே இடது காது கேட்காமல் போனது. 2018-இல் அவர் எழுதிய காலைத் தொடரின் நாயகிக்கும் இடது காது கேட்காது. பெரிய வாழ்க்கைக் குறைகளை வைத்துக் கண்ணீர் வரவழைப்பது சுலபம். இவர் அந்தக் குறையோடு ஒருத்தி எப்படிக் குடை பிடிக்கிறாள், எப்படிச் சண்டை போடுகிறாள் என்று எழுதுவார். ‘லாங் வெகேஷ’னில் பெரிய நோயோ விபத்தோ இல்லை. இரண்டு பேருக்கு வாழ்க்கை சரியாகப் போகவில்லை, அவ்வளவுதான். அதனாலேயே எனக்கு அவர் எழுதியதில் இதுதான் முதலில்.

மினாமியின் வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஜப்பானில் 25 தாண்டிய பெண்ணைக் கிறிஸ்துமஸ் கேக் என்பார்கள். 25-ஆம் தேதிக்குப் பிறகு விலைபோகாது என்று அர்த்தம். நம் ஊரில் ‘வயசு ஏறுது’ என்று சொல்லும்போது வரும் அதே குளிர். 30 தாண்டி, மணமேடையில் விடப்பட்டு, தொழிலிலும் இளையவர்களுக்கு வழிவிட வேண்டிய நிலையில் இருக்கும் ஒருத்தியை நாயகியாக்கி, அவளைச் சத்தமாகச் சிரிக்கவும் சாப்பிடவும் குடிக்கவும் விட்டது அன்றைக்குப் பெரிய காரியம். யமகுச்சி அதை நடித்தபோது அவருக்கும் 31 வயது. இதை முடித்தபின் அவர் தொடர்களில் நடிப்பதையே நிறுத்திக்கொண்டார். 2012-இல்தான் மறுபடி ஒரு தொடருக்கு வந்தார். புகழின் உச்சியில் இருந்தவர் 16 வருடம் விலகியிருந்தார். அந்த வசனத்தை உண்மையாகவே எடுத்துக்கொண்டவர் அவர்தானோ என்று எனக்குத் தோன்றும்.

செனாவும் மினாமியும் குடியிருந்ததாகத் தொடரில் காட்டிய கட்டடம் டோக்கியோவில், சுமிதா ஆற்றின் ஷின்-ஒஹாஷி பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பிறகு இடித்துவிட்டார்கள். ரசிகர்கள் இன்றும் அந்த இடத்துக்குப் போய் வருகிறார்கள். எனக்கும் ஆசை உண்டு.

கடைசிப் பகுதியை ஒரு ஞாயிறு மாலை பார்த்தோம். அம்மாவும் அன்று உட்கார்ந்திருந்தார். செனா போட்டியில் வெல்கிறான், பாஸ்டனில் வாய்ப்பு வருகிறது, மினாமியையும் கூப்பிடுகிறான். முதல் காட்சியில் தனியாக ஓடிய மணப்பெண், முடிவில் அவனோடு சேர்ந்து பாஸ்டன் தெருவில் கல்யாணத்துக்கு ஓடுகிறாள். அம்மா கைதட்டினார். எனக்கும் கண் நிறைந்தது, மறுக்க மாட்டேன். ஆனாலும் அவன் ஜெயித்தது எனக்குக் கொஞ்சம் இடித்தது. ‘அநேகமாக’ என்று சொன்ன கதை, கடைசியில் ‘கண்டிப்பாக’ என்று சொல்லிவிட்டது. அவன் நன்றாக வாசித்துவிட்டு, இரண்டாவதாக வந்திருந்தால்கூட நான் இந்தத் தொடரை இதே அளவு நேசித்திருப்பேன்.

பாட்டு ஓடி முடிந்து திரை இருண்டது. அம்மா அடுப்படிக்கு எழுந்து போனார். அப்பா மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

‘அந்தப் பொண்ணு போட்டோ எடுக்கிறவர்கிட்ட உதவியாளா சேர்ந்து வேலை கத்துக்கிட்டு இருந்துச்சே’ என்றார். ‘அது என்னாச்சு?’

மாடலிங் கைவிட்டபின் மினாமி பிடித்துக்கொண்ட வேலை அது. கேமராவை முதன்முதலில் கையில் வாங்கியபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவு இருந்தது.

‘பாஸ்டன் போயிட்டா இல்லப்பா.’

‘போனா என்ன? அங்க போயும் அந்த வேலையைச் செய்யுதா இல்லையா?’

‘அதைச் சொல்லலைப்பா.’

‘நீ எதையாவது விட்டுட்டியா?’

‘இல்லப்பா. எல்லாத்தையும் கேட்டேன். சொல்லலை.’

அப்பா கொஞ்ச நேரம் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘சொல்லியிருக்கணும்’ என்றார்.